எப்போதும் இணையம் கேட்கும் பிசி கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் மட்டுமே ஆடும் கேமுக்கும் இணைப்பு அறாமல் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2010இல் பெரிய அளவில் வந்தது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். திருட்டுப் பிரதியைத் தடுக்க விற்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பூட்டுக்குக் காலவரை வேண்டும். அதனால் கிடைக்கும் லாபம் முதல் சில வாரங்களோடு முடிந்துவிடுகிறது. வாங்கியவருக்கு வரும் தொல்லையோ கேமின் ஆயுள் முழுக்க நீள்கிறது.

ஸ்டீமில் லாகின் செய்வதும் ‘எப்போதும் ஆன்லைன்’ என்பதும் ஒன்றுதானா?

இல்லை. ஸ்டீம் என்பது பிசி கேம்களை விற்கும் இணையக் கடை. நான்கு வெவ்வேறு ஏற்பாடுகளை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். பாதி வாக்குவாதம் இதனாலேயே வீணாகிறது.

முதலாவது, ஒரே ஒரு முறை அனுமதி. நிறுவும்போதோ முதல் முறை திறக்கும்போதோ சர்வர் சரிபார்க்கும். பிறகு தொந்தரவு இல்லை. இரண்டாவது, தவணைச் சரிபார்ப்பு. ‘டயப்லோ 2: ரிசரக்டெட்’ கேமை ஆஃப்லைனில் ஆடலாம், ஆனால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். மூன்றாவது, விடாத கண்காணிப்பு. கேம் ஓடும் நேரம் முழுவதும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் கேமும் நிற்கும். நான்காவது, கேமின் ஒரு பகுதியே சர்வரில் ஓடுவது. எதிரிகள் எங்கே வருவார்கள், எந்தப் பொருள் கீழே விழும், சேமித்த ஆட்டம் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

சண்டை மூன்றாவதையும் நான்காவதையும் பற்றியது. மூன்றாவது வெறும் பூட்டு, அதை எடுத்துவிட்டாலும் கேம் முழுதாக இருக்கும். நான்காவதில் பூட்டும் கேமும் பின்னிக் கிடக்கின்றன. நிறுவனங்கள் பல நேரம் மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவது என்று விளக்கம் சொல்கின்றன. சிம்சிட்டி கதையில் இதைப் பார்க்கலாம்.

இணைப்பு அறுந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது?

லாகின் செய்ததும் சர்வர் உங்கள் கணினிக்கு ஒரு தற்காலிக டோக்கன் தருகிறது. கேம் குறிப்பிட்ட இடைவெளியில் அதைக் காட்டி ‘இன்னும் இருக்கிறேன்’ என்று சிறு செய்தி அனுப்பும். பதில் வராவிட்டால் சில முறை மீண்டும் முயலும். அதுவும் தோற்றால் ஆட்டத்தை நிறுத்தும், அல்லது முகப்புக்குத் தள்ளிவிடும்.

இந்தச் செய்திகள் மிகச் சிறியவை. டேட்டா செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். தொல்லை தருவது இணைப்பின் வேகம் அல்ல, அது அறாமல் இருக்கிறதா என்பதுதான். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருந்தாலும், மின்தடையில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழ இரண்டு நிமிடம் ஆனால் ஆட்டம் போய்விடும். லேப்டாப்பில் ஆடுபவர்கள் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஃபைபர் பெட்டிகள் 12 வோல்ட்டுக்குப் பதில் வேறு அளவு கேட்கும்.

இது எப்போது தொடங்கியது?

அதற்கு முன்பே ‘எத்தனை முறை நிறுவலாம்’ என்ற கட்டுப்பாட்டில் சண்டை மூண்டிருந்தது. 2008இல் வந்த ‘ஸ்போர்’ கேமில் செக்யூராம் என்ற பிரதித்தடுப்புப் பூட்டு இருந்தது. மூன்று கணினிகளுக்கு மேல் அனுமதி இல்லை. அமேசான் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிந்தன. இத்தனைக்குப் பிறகும் அந்த ஆண்டு மிக அதிகமாகத் திருட்டுப் பிரதி எடுக்கப்பட்ட கேம்களில் ஒன்றாக அது ஆனது.

2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் ஒரு படி மேலே போனது. ‘அசாசின்ஸ் கிரீட் 2’, ‘சைலண்ட் ஹண்டர் 5’ ஆகியவற்றின் பிசி பதிப்புகள் இணைப்பு இல்லாமல் ஓடவே ஓடாது. இரண்டுமே முழுக்க முழுக்கத் தனியாக ஆடக்கூடியவை. அந்த மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வர்கள் தாக்குதலுக்கு ஆளாகி நின்றன. பணம் கொடுத்து வாங்கியவர்களில் ஒரு பகுதியினரால் விடுமுறை நாளில் ஆட முடியவில்லை. கேம் நகர நகர சர்வரிலிருந்து சிறு தரவுத் துண்டுகள் வந்தாக வேண்டும் என்பதால் அந்தப் பூட்டை உடைக்கச் சில வாரங்கள் ஆயின. ஏப்ரலில் அதுவும் உடைந்தது. 2012இல் யூபிசாஃப்ட் இந்த முறையைக் கைவிட்டு, ஒரே முறை அனுமதி போதும் என்று அறிவித்தது.

டயப்லோ 3, சிம்சிட்டி என்ற இரண்டு பெயர்களும் ஏன் எல்லா வாதத்திலும் வருகின்றன?

ஒன்றுக்கொன்று நேரெதிர் பாடம் என்பதால்.

‘டயப்லோ 3’ 2012 மே 15 அன்று வெளியானது. முதல் 24 மணி நேரத்திலேயே 35 லட்சம் பிரதிகள் விற்றன. லாகின் திரையில் பெரும்பாலானோர் கண்டது ‘எரர் 37’: சர்வர் நெரிசல், பிறகு வாருங்கள். தனியாக ஆட நினைத்தவரும் அதே வரிசையில் நின்றார். தென்கொரியாவில் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததாகப் புகார் எழ, அந்நாட்டு வர்த்தக ஆணையம் கேமை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனத்தின் அலுவலகத்தில் சோதனை நடத்தியது.

பிளிசார்டின் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. பொருள்களை உண்மைப் பணத்துக்கு விற்கும் ஏலச்சந்தை கேமுக்குள்ளேயே இருந்தது. ஆடுபவரின் கணினியிலேயே வாள்களும் கவசங்களும் உருவானால் யாரும் கள்ளப்பொருள் செய்து விற்கலாம். ஆகவே பொருள் உருவாகும் வேலை சர்வரில் நடந்தது. இது நான்காவது வகை. ஆனால் 2013 செப்டம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புகள் இணையமே இல்லாமல் ஓடின. 2014 மார்ச்சில் ஏலச்சந்தையையும் மூடிவிட்டார்கள். காரணம் மறைந்த பிறகும் பிசி பதிப்பில் கட்டாயம் அப்படியே நிற்கிறது.

‘சிம்சிட்டி’ 2013 மார்ச் 5 அன்று வந்தது. நகரம் கட்டும் கேம், பலர் தனியாகவே ஆட விரும்புவது. சர்வர்கள் பல நாள் தடுமாறின. சுமையைக் குறைக்க, ஆட்டத்தின் மிக விரைவான வேகத்தையே தற்காலிகமாக நீக்கினார்கள். வாங்கியவர்களுக்கு ஈடாக ஒரு கேமை இலவசமாகத் தந்தது வெளியீட்டு நிறுவனமான இஏ. நகரக் கணக்கீட்டில் பெரும் பகுதி சர்வரில் நடப்பதாகக் கேமை உருவாக்கிய மேக்சிஸ் சொன்னது. ஆனால் இணைப்பைத் துண்டித்த பிறகும் நகரம் தன்பாட்டுக்கு ஓடுவதை ஆடுபவர்களே கண்டுபிடித்துக் காட்டினார்கள். சர்வர் வேலை முக்கியமாக அண்டை நகரங்களுக்கு இடையிலான பரிமாற்றமும் சேமிப்பும்தான். 2014 மார்ச்சில் ‘அப்டேட் 10’ வழியாக ஆஃப்லைன் முறை வந்தது. அதற்கு ஆறரை மாத வேலை பிடித்ததாகக் குழுவின் பொறியாளர் ஒருவர் எழுதினார். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றது தவறு. சுலபம் என்று நாம் நினைத்தாலும் தவறு.

இந்தப் பூட்டு திருட்டுப் பிரதியை உண்மையில் தடுக்கிறதா?

கொஞ்ச நாள் தடுக்கிறது. அந்தக் கொஞ்ச நாளுக்குப் பண மதிப்பும் உண்டு. இதை மறுப்பவர்களோடு நாங்கள் உடன்படுவதில்லை.

இன்று பரவலாக இருக்கும் பிரதித்தடுப்புப் பூட்டான டெனுவோ பூட்டிய 86 ஸ்டீம் கேம்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வெளியான உடனேயே பூட்டு உடைந்த கேம்களுக்கு, உடையாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய மொத்த வருவாயில் சராசரியாக 20 சதவீதம் குறைகிறது என்பது அவர் கணக்கு. பெரிய செலவில் எடுத்த கேமுக்கு இது சிறு தொகை அல்ல. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: சுமார் 12 வாரம் கழித்து உடைந்தால் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

விவாதத்தின் மையமே இந்த 12 வாரம்தான் என்று நினைக்கிறோம். மூன்று மாதத்துக்குப் பிறகு பூட்டு யாரையும் தடுத்து வருவாய் ஈட்டித் தருவதில்லை. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர் பூட்டில்லாத கேமை ஆடுகிறார், பணம் கொடுத்தவர் பூட்டோடு ஆடுகிறார். டெனுவோவுக்குத் தொடர்ந்து கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் பல நிறுவனங்கள் சில மாதங்களிலோ ஓர் ஆண்டிலோ அதை நீக்கிவிடுகின்றன. எல்லாரும் அப்படிச் செய்தால் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு இடமிருக்காது.

டெனுவோ எப்போதும் ஆன்லைன் பூட்டா?

அது முதல், இரண்டாம் வகைகளுக்கு இடைப்பட்டது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பிறந்து, 2018இல் இர்டெட்டோ நிறுவனத்தின் கைக்குப் போனது. முதல் முறை திறக்கும்போது உங்கள் பிராசசர், விண்டோஸ் விவரங்களிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து உரிமக் கோப்பு வரும். அதன்பின் ஆஃப்லைனில் ஆடலாம். கேம் அப்டேட் ஆனாலோ, பிராசசர் மாற்றினாலோ, விண்டோஸ் பெரிய அளவில் மாறினாலோ மறுபடி சர்வர் தேவை. பயணம் கிளம்பும் முன் அப்டேட் ஆகி, அதைத் திறந்து பார்க்காமலேயே கிளம்பியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பலர் மாட்டும் இன்னொரு இடம் 24 மணி நேரத்தில் 5 கணினி என்ற வரம்பு. லினக்ஸிலும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியிலும் விண்டோஸ் கேம்களை ஓட வைக்கும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றினால் டெனுவோ அதைப் புதுக் கணினி என்றே எண்ணிக்கொள்கிறது. கேம் சரியாக ஓடவில்லை என்று ஐந்தாறு புரோட்டான் பதிப்புகளை மாற்றி மாற்றிச் சோதித்தால், ஒரே இயந்திரத்தில் இருந்தபடியே ஒரு நாள் பூட்டிவிடும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சோதிப்பதானால் ஒரு நாளில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2021 நவம்பரில் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. டெனுவோ பயன்படுத்திய ஓர் இணைய முகவரியின் பதிவு காலாவதியாகி, பல கேம்கள் சில மணி நேரம் திறக்கவில்லை. அதே மாதம் வந்த இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசசர்களில் இரண்டு வகைக் கோர்கள் இருந்தன. ஆட்டத்தின் நடுவே வேலை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், கணினியே மாறிவிட்டது என்று சில கேம்களின் பூட்டு நினைத்து கேமை மூடியது. பயாஸில் ‘லெகசி கேம் கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்பதை இயக்கி, ஆடும் முன் ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்திச் சிறிய கோர்களைத் தூங்க வைப்பது அன்றைய தற்காலிகத் தீர்வு. பிறகு பேட்ச்கள் வந்து சரியானது. பூட்டு எந்த அளவுக்கு நுணுக்கமாக வன்பொருளைப் பிடித்துக்கொள்கிறதோ அந்த அளவுக்கு இப்படி உடையும்.

பூட்டு கேமின் வேகத்தைக் குறைக்குமா?

கேமுக்குக் கேம் மாறும். எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. தெளிவான சான்று ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’, 2021. சில எதிரிகளைச் சுடும் கணத்தில் படம் திக்கித் திக்கி ஓடியது. பூட்டை நீக்கிய திருட்டுப் பதிப்பில் திக்கல் இல்லை. கேமை உருவாக்கிய கேப்காம் பேட்ச் வெளியிட்ட பிறகு வாங்கியவர்களுக்கும் சரியானது. டெனுவோவின் மேல் கேப்காம் தன் சொந்தப் பூட்டையும் போட்டிருந்ததால், பழி முழுவதையும் டெனுவோ மேல் போட முடியாது.

சர்வரையே மூடிவிட்டால் என் கேம் என்ன ஆகும்?

வகையைப் பொறுத்தது. முதல் வகையில், ஏற்கனவே நிறுவிய கணினியில் ஓடும், புதுக் கணினியில் நிறுவ முடியாது. மூன்றாவதிலும் நான்காவதிலும் மறுநாள் காலையிலிருந்தே ஓடாது.

‘டார்க்ஸ்போர்’ 2011இல் வந்தது, 2016 மார்ச் 1 அன்று சர்வர் நின்றது. தனியாக ஆடும் பகுதியும் அதோடு போயிற்று. 2010இல் வந்த ‘ட்ரான்: எவல்யூஷன்’ கேமுக்கு டிஸ்னி செக்யூராம் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால், 2019இல் வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் திறக்கவில்லை. ‘மைட் அண்ட் மேஜிக் எக்ஸ்: லெகசி’ முழுக்கத் தனியாக ஆடும் கேம். 2021 ஜூனில் யூபிசாஃப்ட் பழைய சர்வர்களை நிறுத்தியபோது, முதல் அங்கத்துக்கு மேல் போக முடியாமல் ஆடுபவர்கள் நின்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகு பேட்ச் வந்தது. இதில் யாரும் வேண்டுமென்று பூட்டியதாகக் கூடத் தெரியவில்லை. தனியாட்டக் கேமுக்குள் ஒரு சர்வர் சரிபார்ப்பு உட்கார்ந்திருப்பதே மறந்துபோயிருக்கலாம். அந்த மறதி எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அதிர்வு ‘தி க்ரூ’. 2014 டிசம்பரில் வந்த கார்ப் பந்தய கேம். அமெரிக்கா முழுவதும் ஓட்டிச் செல்லலாம், மணிக்கணக்கில் தனியாக ஆடும் கதையும் உண்டு. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அடுத்த மாதம், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை நீக்கினார்கள்.

‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ன கேட்கிறது?

வாங்கிய கேம்களை நிறுவனங்கள் முடக்குவதை எதிர்க்கும் இயக்கம் இது. சர்வரைக் காலத்துக்கும் ஓட்டுங்கள் என்று கேட்கவில்லை. இதைத்தான் எதிர்ப்பவர்கள் அதிகம் திரித்துச் சொல்கிறார்கள். ஆதரவை நிறுத்தும் நாளில் கேமை ஏதோ ஒரு விதத்தில் ஓடக்கூடிய நிலையில் விட்டுப் போங்கள் என்பதே கோரிக்கை. ஆஃப்லைன் பேட்ச் ஆகலாம், ஆடுபவர்களே நடத்தக்கூடிய சர்வர் மென்பொருள் ஆகலாம்.

யூடியூபர் ராஸ் ஸ்காட் ‘தி க்ரூ’ மூடப்பட்டதை ஒட்டி 2024 ஏப்ரலில் இதைத் தொடங்கினார். ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியாக, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கோரும் மனுவாக, 2024 ஜூலை 31 முதல் ஓராண்டு கையொப்பம் திரட்டினார்கள். வேண்டியது 10 லட்சம், வந்தது 14 லட்சத்துக்கும் மேல். பிரிட்டனில் தனியாக ஒரு மனு ஒரு லட்சத்தைத் தாண்டியதால் 2025 நவம்பர் 3 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது; சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்பதே அரசின் நிலை.

ஆஃப்லைனாக்குவது அவ்வளவு செலவா?

சிம்சிட்டியின் ஆறரை மாதம், வெளியான பிறகு பிரித்தெடுக்க ஆன விலை. முதல் நாளிலிருந்தே ‘ஒரு நாள் சர்வர் இருக்காது’ என்று நினைத்துக் கட்டினால் செலவு வெகுவாகக் குறையும். சேமிப்பை உள்ளூரிலும் எழுதுவது, சர்வர் முகவரியை மாற்றத்தக்க அமைப்பாக வைப்பது, வெளியாரிடம் உரிமம் பெற்ற சர்வர் மென்பொருளைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைப்பது போன்றவை தொடக்கத்தில் சிறு முடிவுகள். பத்து ஆண்டு கழித்து, எழுதியவர்களே நிறுவனத்தில் இல்லாதபோது, அவையே மலை.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ‘நாக்அவுட் சிட்டி’ 2023 ஜூனில் மூடப்பட்டபோது வெலான் ஸ்டூடியோஸ் தனிச் சர்வர் பதிப்பை இலவசமாகத் தந்தது. முழுக்கப் பலர் ஆடும் கேமுக்கே இது முடிந்தது. ‘ரெட்ஃபால்’ கேமை உருவாக்கிய ஆர்கேன் ஆஸ்டின் மூடப்படுவதாக 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. அந்த மாத இறுதியிலேயே வந்த கடைசி அப்டேட்டில் ஆஃப்லைன் முறை இருந்தது. ‘சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக்’ 2024 டிசம்பரில் பெற்றது. ‘தி க்ரூ’ எதிர்ப்புக்குப் பிறகு யூபிசாஃப்டே ‘தி க்ரூ 2’க்கு 2025இல் ஆஃப்லைன் முறை தந்தது.

வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து நிமிடம் போதும். ஸ்டீமில் கேம் பக்கத்தின் வலப்பக்கப் பத்தியைக் கீழ்வரை பாருங்கள். மூன்றாம் தரப்பு டிஆர்எம் (பிரதித்தடுப்புப் பூட்டு) உண்டா, வேறு நிறுவன அக்கவுண்ட் வேண்டுமா என்பது தனிப் பெட்டியில் இருக்கும். டெனுவோ இருந்தால் ஒரு நாளுக்கு 5 கணினி என்ற வரியும் அங்கேயே தெரியும். பிறகு கணினித் தேவைகள் பகுதியின் கடைசி வரிகளைப் படியுங்கள். நிரந்தர இணைப்பு வேண்டும் என்பதைச் சிலர் அங்கேதான் எழுதுகிறார்கள்.

அடுத்து பிசிகேமிங்விக்கி தளத்தில் கேமின் பெயரைத் தேடி, எந்தக் கடையில் என்ன பூட்டு என்ற அட்டவணையைப் பாருங்கள். ஒரே கேம் ஒரு கடையில் பூட்டோடும் இன்னொன்றில் இல்லாமலும் விற்பது உண்டு.

பூட்டில்லாத கடை என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 2021 செப்டம்பரில், பூட்டில்லாமல் விற்பதாகச் சொல்லும் இணையக் கடையான ஜிஓஜி ‘ஹிட்மேன்’ கேமை விற்பனைக்கு வைத்தது. திறக்கும், ஓடும், ஆனால் புது ஆயுதங்கள், தொடக்க இடங்கள் போன்ற முன்னேற்றம் முழுவதும் சர்வரோடு இணைந்தால்தான் கிடைக்கும். வாங்கியவர்கள் கொதித்தார்கள், அக்டோபரில் ஜிஓஜி அதை நீக்கியது.

ஸ்டீம் ஆஃப்லைன் முறையைச் சரியாகத் தயார் செய்வது எப்படி?

கிளம்புவதற்கு முந்தைய நாளே செய்யுங்கள், கடைசி நிமிடத்தில் அல்ல.

1. லாகின் திரையில் கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் பெட்டியைத் தேர்வு செய்து உள்ளே போங்கள்.
2. எல்லா அப்டேட்டும் முடியட்டும். பாதியில் நிற்கும் அப்டேட் ஒன்று இருந்தாலும் அந்த கேம் ஆஃப்லைனில் திறக்காது.
3. கொண்டுபோகும் ஒவ்வொரு கேமையும் ஒரு முறை திறந்து, முகப்புத் திரை தாண்டி ஆட்டத்துக்குள்ளேயே போய் வெளியே வாருங்கள். டெனுவோ உரிமமும் வேறு லாஞ்சரின் லாகினும் இப்போதுதான் பதிவாகும்.
4. யூபிசாஃப்ட் கனெக்ட், இஏ ஆப் போன்றவை உள்ளே திறந்தால் அங்கும் லாகினை நினைவில் வைக்கச் செய்யுங்கள். ஸ்டீம் ஆஃப்லைனில் இருப்பது அவற்றுக்குத் தெரியாது.
5. ஸ்டீம் மெனுவில் ‘கோ ஆஃப்லைன்’ கொடுங்கள்.
6. இப்போது ரவுட்டர் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, கணினியை முழுவதும் நிறுத்தி மீண்டும் எழுப்பி, கேமைத் திறந்து பாருங்கள்.

ஆறாவது படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இணைப்பு இருக்கும்போதே ஆஃப்லைன் பட்டனை அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது, கேம் பின்னால் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

இணையம் இருக்கிறது, ஆனாலும் லாகின் ஆகவில்லை. எங்கே தேடுவது?

முதலில் கணினியின் தேதியும் நேரமும். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரை உண்டு, நேரம் மிகவும் தவறியிருந்தால் இணைப்பையே மறுத்துவிடும். கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து அதே கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே லாகின் ஆனால் கோளாறு உங்கள் வீட்டு இணைப்பில் அல்லது டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) இருக்கிறது. இரண்டிலும் ஆகாவிட்டால் விபிஎன்னை அணையுங்கள், ஆன்டிவைரஸ் கேமைத் தடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின்பும் இல்லையென்றால் பெரும்பாலும் சர்வர்தான். அந்த நேரத்தில் கேமை நீக்கிவிட்டு மீண்டும் 100 ஜிபி இறக்குவதால் எந்தப் பயனும் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறலாமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் கிடைக்கும். லாகின் வரிசையில் காத்திருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே எண்ணப்படும் என்பதால், நெரிசல் நாளில் கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அக்கவுண்ட் கட்டாயத்தால் சில நாடுகளில் வாங்கவே முடியாதாமே?

ஆம். இலங்கையில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகத் தெரியும். சோனியின் கேம் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அதிகாரபூர்வமாக இல்லாத நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’ பிசி பதிப்புக்கு அந்த அக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி அறிவித்ததும், 177 நாடுகளிலும் பகுதிகளிலும் ஸ்டீம் விற்பனை நின்றது. எதிர்ப்பு வெடித்துச் சில நாளில் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். அதே மாதம் வந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வில் தனியாக ஆடும் கதைக்கு அக்கவுண்டே தேவையில்லை, இருந்தும் அந்த நாடுகளில் விற்கவில்லை. 2025 ஜனவரியில் சில தனியாட்டக் கேம்களுக்கு அக்கவுண்ட் விருப்பம் மட்டுமே என்று சோனி தளர்த்தியது.

நான் வாங்கிய கேமின் பூட்டை நானே உடைத்தால் குற்றமா?

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். ‘நோக்கம்’ என்ற சொல் முக்கியம். சட்டம் தடுக்காத வேலைக்காக உடைப்பதற்கு அதே பிரிவில் இடம் விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015 முதல், சர்வர் ஆதரவு நின்றுபோன கேமைத் தன் கணினியில் மீண்டும் ஓட வைக்கப் பூட்டைக் கடப்பதற்கு விலக்கு உண்டு. கேம் நிறுவனத்தோடு நீங்கள் ஒத்துக்கொண்ட உரிம ஒப்பந்தம் இவற்றிலிருந்து வேறு, அதை மீறினால் அக்கவுண்ட் போகலாம். இது பொது விளக்கம்தான், வழக்கறிஞர் ஆலோசனை அல்ல.

சட்டத்தை விட உடனடி ஆபத்து, முகம் தெரியாதவர் தரும், பூட்டை உடைக்கும் கிராக் கோப்பு. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்லும் கோப்பில் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று அறிய உங்களிடம் வழியில்லை.

பழைய டிஸ்க் கேம்கள் விண்டோஸ் 10இல் ஏன் திறப்பதில்லை?

பழைய டிஸ்க்குகளில் இருந்த சேஃப்டிஸ்க் பூட்டு ‘செக்டிரைவ்’ என்ற டிரைவரை நம்பியது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் விண்டோஸ் 10 அதைச் சேர்க்காமல் விட்டது. பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் முடக்கினார்கள். டிரைவரைத் தேடிப் போய் நிறுவாதீர்கள், ஓட்டையும் கூடவே வரும். நிறுவனம் டிஸ்க் சோதனையை நீக்கி வெளியிட்ட பேட்ச் இருந்தால் அது, இல்லையேல் மறுவெளியீட்டை வாங்குவது பாதுகாப்பானது.

பூட்டில்லாத கேமை எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஜிஓஜியில் லைப்ரரிக்குப் போய், கேமைத் தேர்ந்து, ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலரை இறக்குங்கள். பெரிய கேம்கள் பல துண்டுகளாக வரும். ஒன்று இன்ஸ்டாலர், மற்றவை ‘பின்’ என்று முடியும் தரவுக் கோப்புகள். எல்லாம் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் இருக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவல் நடுவில் நிற்கும். கூடுதல் கதைகள் தனி இன்ஸ்டாலராக இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஸ்டீமிலும் பூட்டே இல்லாத கேம்கள் நிறைய உண்டு. ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘காமன்’ என்பதில் கேமின் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகலெடுத்து, ஸ்டீமை முழுவதும் மூடிவிட்டு, அங்கிருந்தே இயக்கிப் பாருங்கள். திறந்தால் அந்த நகலே உங்கள் பேக்கப். ஸ்டீம் தானே எழுந்து வந்தால் பூட்டு இருக்கிறது என்று பொருள். சேமித்த ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த ஃபோல்டரில் இருக்காது. ‘டாக்குமென்ட்ஸ்’, ‘ஆப்டேட்டா’ ஆகிய இடங்களில் தேடி அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேறு டிஸ்க்குகளில் வையுங்கள். எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் தரவை இழக்கலாம், அதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் மேல். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, இணையம் இல்லாத கணினியில் ஏதாவது ஒரு கேமை நிறுவி, முதல் கட்டத்தை ஆடிப் பாருங்கள்.